ஓடி வந்தவர்கள் கட்டிய ஊர்: பூசான்

சியோலுக்குப் போகிறவர்கள் அரண்மனைகளைப் பார்க்கிறார்கள். தென்கொரியாவின் இரண்டாவது பெரிய நகரமான பூசானில் பார்க்க வேண்டியவை படிக்கட்டுகள், சந்தைகள், நூடுல்ஸ் கிண்ணங்கள். எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள் கையில் கிடைத்ததைக் கொண்டு உருவாக்கிய நகரம் இது.

'டிரெயின் டு பூசான்' பார்த்தவர்களுக்கு அந்த ரயில் ஏன் பூசானை நோக்கி ஓடுகிறது என்பது தெரியும். நாடே கொள்ளைநோயில் சிக்கிச் சிதறும்போது தாக்குப்பிடித்து நிற்கிற ஊர் அது ஒன்றுதான். 2016-ல் வந்த அந்தப் படத்தின் கதை கற்பனை. ஆனால், கடைசிப் புகலிடம் தேடிப் பூசானுக்கு ரயிலேறுவது கொரியர்களின் பாட்டன் பாட்டிகள் உண்மையிலேயே செய்த பயணம். 1950-ல் பெட்டிகள் நிரம்பி வழிய, கூரைமேலும் ஆட்கள் தொற்றிக்கொள்ள, ரயில்கள் தெற்கே இந்தத் துறைமுகத்துக்கு வந்துகொண்டே இருந்தன.

அந்த ஆண்டு ஜூன் 25-ல் வடகொரியப் படை எல்லை தாண்டியது. மூன்றே நாளில் சியோல் விழுந்தது. ஆகஸ்டுக்குள் தீபகற்பத்தின் தென்கிழக்கு மூலை தவிர மற்ற பகுதியெல்லாம் பறிபோயிருந்தது. அந்த மூலையின் துறைமுகம் பூசான். அரசாங்கம் இங்கே இடம்பெயர்ந்தது. போர்க்காலத்தில் மொத்தம் 1,023 நாட்கள் நாட்டின் தற்காலிகத் தலைநகரமாக இருந்த ஊர் இது. போருக்குமுன் ஐந்து லட்சத்துக்கும் குறைவானவர்கள் வாழ்ந்த நகரத்தில் 1955-ல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள்.

அந்த நாட்களின் சாட்சியங்களை 'போர்க்காலத் தலைநகர் பூசான்' என்ற பெயரில் தொகுத்து, யுனெஸ்கோ உலக மரபுரிமைக்கான உத்தேசப் பட்டியலில் 2023-ல் தென்கொரியா சேர்த்தது. உலக மரபுரிமைக் குழுவின் 2026 ஜூலைக் கூட்டத்தை நடத்தும் இடமாகவும் பூசானே தேர்வானது. உத்தேசப் பட்டியலில் அகதிகளின் குடியிருப்புகளும் உண்டு. கடற்கரைக்கும் கண்ணாடிக் கோபுரங்களுக்கும் பெயர்பெற்ற பூசானை, அந்தக் குடியிருப்புகள் இருக்கும் பழைய நகரத்திலிருந்து பார்க்கத் தொடங்குவதே சரியான வழி.

பாலத்தில் சந்திப்போம்

பழைய நகரையும் யோங்டோ தீவையும் இணைக்கும் யோங்டோ பாலம் 1934-ல் திறக்கப்பட்டது. கப்பல் வரும்போது ஒரு பக்கம் மேலே தூக்கிக்கொள்ளும் பாலம் அது. கொரியாவில் அப்படிப்பட்ட பாலம் அதுதான் முதல் என்பதால் நாடு முழுக்கப் பேர் பரவியிருந்தது. போரில் குடும்பங்கள் பிரிய நேர்ந்தபோது, பூசானைக் கண்ணால் கண்டிராதவர்கள்கூட ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட அடையாளம் இந்தப் பாலம்தான்: "யோங்டோ பாலத்துக்கு வந்துவிடு, அங்கே சந்திப்போம்."

வந்தார்கள். பாலத்தின் கைப்பிடிகளில் காணாமல்போனவர்களின் பெயர் எழுதிய தாள்களைக் கட்டினார்கள். நாள்கணக்கில் காத்திருந்தார்கள். கணவன் உயிரோடு இருக்கிறானா, பிள்ளை எங்கே இருக்கிறது என்று கேட்க ஆள் இல்லாதபோது குறிசொல்பவர்களிடம் போனார்கள். பாலத்தடியில் குறிசொல்பவர்களின் தெருவே உருவானது. பிரிந்த தங்கையைத் தேடும் அண்ணனின் குரலாக 1953-ல் வந்த ஒரு பாட்டு, இந்தப் பாலத்தின் துயரத்தைக் கொரியா முழுக்கக் கொண்டுபோனது. அதைப் பாடிய ஹியோன் இன் என்ற பாடகருக்குப் பாலத்தருகே சிலை இருக்கிறது.

1966-ல் தூக்குவதை நிறுத்தினார்கள். பிறகு பாலத்தைப் புதுப்பித்து, 2013-லிருந்து குறித்த நேரத்தில் மறுபடியும் தூக்கிக் காட்டுகிறார்கள். இந்த இரும்புப் பலகை எழுவதைப் பார்க்க நிற்கும் கூட்டத்தில் முதியவர்கள் நிறைய இருப்பார்கள். அவர்களுக்கு அது வெறும் பொறியியல் காட்சி இல்லை.

கல்லறைக் கல்லே வாசற்படி

பூசானில் சமவெளி குறைவு. கடலுக்கும் மலைக்கும் நடுவே ஒடுங்கிய ஊர். வந்தவர்களுக்குக் கீழே இடமில்லை என்றானபோது அவர்கள் மலையேறினார்கள். பலகை, தகரம், கிழித்துப் பிரித்த அட்டைப்பெட்டி என்று கிடைத்ததையெல்லாம் கொண்டு சரிவுகளில் குடிசை போட்டார்கள். அந்தச் சரிவுகளின் இடுப்பைச் சுற்றி வளைந்து போகும் சாலைகளைச் 'சன்போக்தோரோ' என்கிறார்கள். அங்கே போகும் நகரப் பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால், துறைமுகம் முழுவதும் உங்கள் காலடியில் விரியும்.

ஆமி-தோங் என்ற பகுதியில் ஜப்பானியர் ஆட்சிக்காலத்து இடுகாடு ஒன்று இருந்தது. 1945-ல் ஜப்பானியர்கள் போனபின் கல்லறைகள் கேட்பாரற்றுக் கிடந்தன. அகதிகள் அவற்றின் மேலேயே வீடு கட்டினார்கள். கல்லறையின் சதுர மேடை அஸ்திவாரம் ஆனது. பெயர் பொறித்த கல் சுவரிலும் படியிலும் ஏறியது. இன்றும் அந்தச் சந்துகளில் நடந்தால் ஒரு வீட்டுச் சுவரின் அடியில், இன்னொரு வீட்டின் வாசலில், ஜப்பானிய எழுத்து பொறித்த கற்கள் தெரியும். தங்களுக்கு இடம் கொடுத்த அந்த அந்நிய ஆவிகளுக்குச் சோறு படைத்து வணங்கும் வழக்கமும் இங்கே இருந்தது.

ஊ-அம்-தோங் பகுதியில் கதை இன்னும் கடினமானது. ஜப்பானுக்குக் கப்பலேற்றுமுன் மாடுகளைத் தனிமைப்படுத்தி வைத்த தொழுவங்கள் அங்கே இருந்தன. அந்த நீண்ட கொட்டகைகளைக் குறுக்கே தடுத்துத் தடுத்துக் குடும்பங்கள் தங்கின. மாடு நின்ற இடத்தில் மனிதர்கள் பிள்ளை பெற்று வளர்த்தார்கள். 'சோமாக் கிராமம்' என்ற அந்தத் தொழுவக் குடியிருப்பும், ஆமி-தோங்கின் கல்லறைக் குடியிருப்பும் யுனெஸ்கோவுக்கான பட்டியலில் இருக்கின்றன.

சுற்றுலாப் பயணிகள் எல்லோரும் போகும் கம்சோன் கிராமம், ஆமி-தோங்குக்கு அடுத்த மலைமடிப்பில்தான் இருக்கிறது. தேகுக்தோ என்ற சமயப் பிரிவைச் சேர்ந்தவர்கள் 1950-களில் இங்கே குடியேறினார்கள். அவர்கள் அமைத்த ஊரில் ஓர் ஒழுங்கு உண்டு. ஒரு வீடு தன் பின்னால் இருக்கும் வீட்டின் பார்வையை மறைக்கக் கூடாது. அதனால்தான் வீடுகள் படிப்படியாக ஏறுகின்றன. ஒவ்வொன்றுக்கும் வெயிலும் கடல்காட்சியும் கிடைக்கின்றன. சந்துகள் எல்லாம் ஒன்றோடொன்று இணைகின்றன, முட்டுச்சந்து அரிது. வறுமையிலும் அண்டை வீட்டுக்காரரின் வெளிச்சத்தைப் பற்றி யோசித்த ஊர் இது.

2009-ல் கலைஞர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து சுவரோவியங்களும் சிற்பங்களும் அமைத்தபிறகு கம்சோன் உலகப்புகழ் பெற்றது. பள்ளத்தாக்கைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் குட்டி இளவரசன் சிலைக்குப் பக்கத்தில் படமெடுக்க நீண்ட வரிசை நிற்கும். எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால், அந்த வண்ணக் கதவுகளுக்குப் பின்னால் வயதானவர்கள் குடியிருக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். உரக்கப் பேசாதீர்கள், வீட்டுக்குள் கேமராவை நீட்டாதீர்கள் என்று அறிவிப்புகள் வைக்கும் அளவுக்கு அவர்கள் தொல்லைப்பட்டிருக்கிறார்கள்.

வாங்க, பாருங்க, வாங்கிப் போங்க

மலையில் தூங்கியவர்கள் பகலில் பிழைக்க இறங்கிய இடம் சந்தை. நாம்போ பகுதியின் குக்ஜே சந்தை, 1945-ல் ஊர் திரும்பும் ஜப்பானியர்கள் விற்றுவிட்டுப்போன பொருட்களோடு தொடங்கியது. போர்க்காலத்தில் நிவாரணப் பொருளும் அமெரிக்கப் படைமுகாமிலிருந்து கசிந்த சரக்கும் இங்கே கைமாறின. பக்கத்திலுள்ள புபியோங் சந்தையைக் 'காங்தோங்', அதாவது டின் சந்தை என்றே இன்றும் அழைக்கிறார்கள். படைமுகாமின் டின் உணவுகள் விற்ற இடம். 2013-ல் இங்கே தொடங்கிய இரவுச் சந்தை, கொரியாவின் முதல் நிரந்தர இரவுச் சந்தை.

குக்ஜே சந்தைக்கு எதிரே தெருவைக் கடந்தால் போசு-தோங் புத்தகச் சந்து. வடக்கிலிருந்து தப்பி வந்த ஒரு தம்பதி பழைய பத்திரிகைகளைப் பரப்பி விற்றதில் ஆரம்பித்தது. சியோல் பல்கலைக்கழகங்கள் அப்போது பூசான் மலைச்சரிவுகளில் கூடாரம் போட்டு வகுப்பு நடத்தின. மாணவர்கள் பாடப்புத்தகம் தேடி இந்தச் சந்துக்கு வந்தார்கள். சோற்றுக்கு வழியில்லாத காலத்தில் ஒரு புத்தகத்தை விற்று இன்னொன்றை வாங்கிப் படித்த தலைமுறை அது. கூரைவரை அடுக்கிய பழைய புத்தகங்களோடு அந்தக் கடைகள் சில இன்னும் இயங்குகின்றன.

இங்கிருந்து கடலைப் பார்த்து நடந்தால் ஜகல்ச்சி மீன்சந்தை. கணவனைப் போரில் இழந்த பெண்கள் பலர் தரையில் கூடை வைத்துப் பிழைப்பைத் தொடங்கிய இடம். அவர்கள் வழிவந்த 'ஜகல்ச்சி அஜிமே'க்களின் கணீர்க்குரல்தான் இந்த ஊரின் முகவரி. "ஓய்சோ, போய்சோ, சாய்சோ!" என்று பூசான் வட்டார வழக்கில் அவர்கள் கூவுவதே, இலையுதிர் காலத்தில் நடக்கும் ஜகல்ச்சித் திருவிழாவின் முழக்கமும் ஆனது. வாங்க, பாருங்க, வாங்கிப் போங்க என்று பொருள்.

தரைத்தளத்துத் தொட்டிகளில் உயிரோடு நீந்தும் மீனைத் தேர்ந்தெடுத்தால் அங்கேயே அறுத்துக் கொடுப்பார்கள். மாடிக்கு எடுத்துப்போய் உட்கார்ந்தால், மிளகாய்ச் சாந்தும் கீரை இலையும் பூண்டும் வைத்துப் பரிமாறுவார்கள். அதற்குத் தனிக் கட்டணம். வெளியே தெருவோரம் வாட்டும் மீன் கொம்ஜாங்ஓ. விலாங்கு போல நீண்டு வழுவழுப்பாக இருக்கும். ஜப்பானியர் காலத்தில் தோலுக்காக மட்டும் இதைப் பிடித்தார்கள். சதையைத் தூக்கி எறிந்தார்கள். பசியோடு வந்தவர்கள் அந்தச் சதையைக் கரியடுப்பில் சுட்டு, காரச் சாந்தில் புரட்டிச் சாப்பிட்டார்கள். இன்று அது பூசானின் பேர்சொல்லும் பண்டம்.

கிண்ணத்துக்குள் ஒரு வரலாறு

பூசான் உணவின் இலக்கணமே இதுதான். ஊரில் தின்றது கிடைக்காது. கிடைப்பதை ஊர் ருசிக்குக் கொண்டுவர வேண்டும்.

மில்மியோனை எடுத்துக்கொள்ளுங்கள். வடகொரியாவின் ஹம்ஹங், பியோங்யாங் பகுதி மக்களுக்குக் குளிர்ந்த நூடுல்ஸான நேங்மியோன் உயிர். அதற்குப் பக்வீட் என்ற தானியமாவோ உருளைக்கிழங்கு மாவோ வேண்டும். அகதி முகாமில் கிடைத்தது அமெரிக்க நிவாரணக் கோதுமை மாவு. அதையே பிசைந்து, பிழிந்து, ஆறிய எலும்புச் சாற்றில் போட்டார்கள். நான் மேலே சொன்ன மாட்டுத்தொழுவக் குடியிருப்பில், ஹங்நாமிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் கடையில்தான் இது பிறந்தது என்கிறார்கள். இன்று வெயில்காலத்தில் மில்மியோன் கடைகளில் இடம் கிடைக்காது. ஐஸ் மிதக்கும் சாறு, சிவந்த காரச் சாந்து, வெள்ளரிக்காய், பாதி முட்டை. பரிமாறும் பெண்மணி கத்தரிக்கோலால் நூடுல்ஸை இரண்டு வெட்டு வெட்டிவிட்டுப் போவார். கெட்டிலில் வரும் சூடான எலும்புச் சாற்றைக் கூடவே குடிக்க வேண்டும்.

துவேஜி குக்பாப் பன்றி எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்து எடுத்த வெண்ணிறச் சாறு. அதிலேயே சோறும் மெல்லிய இறைச்சித் துண்டுகளும். உப்பு நாமே போட்டுக்கொள்ள வேண்டும். உப்பில் ஊறிய பொடி இறால் அதற்காகவே வரும். பச்சைப்பூண்டுத் தாள் போன்ற புச்சுக் கீரையை ஒரு கை அள்ளிப் போட்டுக் கலக்கினால் சாறு காரமும் மணமுமாக மாறும். சோறு தனியாக வேண்டுமென்றால் 'தாரோ குக்பாப்' என்று கேட்கலாம். சோமியோன் சந்தையோரம் இதற்கென்றே ஒரு சந்து இருக்கிறது. மதியத்தில் தொழிலாளியும் அதிகாரியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

விலைமலிந்த மீனை அரைத்துப் பொரித்த ஓமுக், முள்ளங்கி போட்ட சூடான சாற்றில் குச்சியோடு நிற்கும். குளிரில் அந்தச் சாற்றைக் காகிதக் குவளையில் இலவசமாகவே தருவார்கள். யோங்டோவில் 1953-ல் தொடங்கிய சம்ஜின் ஓமுக் இப்போது பேக்கரி போலக் கண்ணாடி அலமாரிகளில் வகைவகையாக அடுக்கி விற்கிறது. நாம்போவின் பிஃப் சதுக்கத்தில் கிடைக்கும் சியாத் ஹோட்டோக் இனிப்பு. வெல்லச்சுவையுள்ள பழுப்புச் சர்க்கரை உள்ளே உருக, மாவுருண்டையை எண்ணெயில் தட்டிப் பொரித்து, வயிற்றைக் கீறிச் சூரியகாந்தி விதையும் பூசணி விதையும் நிரப்பிக் கையில் தருவார்கள்.

இரண்டு மருத்துவர்கள்

பூசானுக்கு வந்த அகதிகளில் ஜாங் கி-ரியோ என்ற அறுவைச் சிகிச்சை நிபுணரும் ஒருவர். பியோங்யாங்கில் மனைவியையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு, ஒரே ஒரு மகனோடு வந்தவர். 1951-ல் யோங்டோவில் கூடாரம் போட்டு ஏழைகளுக்கு இலவச மருத்துவம் பார்த்தார். 1968-ல் அவரும் நண்பர்களும் தொடங்கிய மருத்துவக் காப்பீட்டுக் கூட்டுறவு, கொரியாவில் பிற்பாடு வந்த தேசியக் காப்பீட்டுக்கு முன்னோடி. 1979-ல் மகசேசே விருது பெற்றார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. மனைவியைப் பார்க்காமலேயே 1995-ல் இறந்தார். சோரியாங் மலைச்சரிவில் அவர் நினைவாக ஒரு சிறிய மையம் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

இன்னொரு மருத்துவர் நம்மவர். 1950 நவம்பரில் பூசான் துறைமுகத்தில் இந்திய ராணுவத்தின் 60-வது பாராசூட் கள மருத்துவப் பிரிவு இறங்கியது. அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். ஆயுதம் ஏந்திச் சண்டையிடாமல் காயம்பட்டவர்களைக் காப்பாற்ற மட்டுமே இந்தியா அனுப்பிய படை அது. 1951 மார்ச்சில் அதன் ஒரு குழு அமெரிக்கப் பாராசூட் வீரர்களோடு முன்சான் அருகே குதித்து, போர்க்களத்திலேயே அறுவைச் சிகிச்சை செய்தது. ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது.

அந்தப் போரில் உயிர்கொடுத்த வெளிநாட்டு வீரர்களுக்காகப் பூசானின் தேயோன்-தோங் பகுதியில் 1951-ல் அமைந்த ஐ.நா. நினைவு இடுகாட்டில் 2,300-க்கும் மேற்பட்டோர் துயில்கிறார்கள். உலகில் ஐ.நா. பெயரில் இருக்கும் ஒரே இடுகாடு. போரில் உயிரிழந்த 40,000-க்கும் மேற்பட்ட ஐ.நா. படையினரின் பெயர்கள் அங்கே கருங்கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 11 அன்று காலை 11 மணிக்கு, பல நாடுகளில் இருக்கும் பழைய வீரர்கள் பூசான் திசை நோக்கி அஞ்சலி செலுத்துகிறார்கள்.

கடல், திரை, கோயில்

இவ்வளவையும் பார்த்தபின் ஹேஊன்டே கடற்கரைக்குப் போனால், அதன் வானளாவிய கட்டடங்கள் வேறு மாதிரித் தெரியும். பழைய ரயில்பாதையைச் சீர்செய்து 2020-ல் திறந்த கடலோரச் சுற்றுலா ரயில், மிபோவிலிருந்து சோங்ஜோங் வரை பாறைக்கரையை ஒட்டியே போகிறது. குவாங்கன்லி கடற்கரையில் மாலை சாய்ந்தபின் உட்காருங்கள். 2003-ல் திறந்த, 7 கிலோமீட்டருக்கும் நீளமான குவாங்கன் பாலம் கடல்மேல் விளக்கேற்றிக்கொள்ளும்.

பூசான் சர்வதேசத் திரைப்பட விழா 1996-ல் நாம்போவின் பழைய தியேட்டர்களில்தான் தொடங்கியது. இன்று ஆசியாவின் முதன்மையான திரைவிழாக்களில் ஒன்று. விழாவுக்காக 2011-ல் திறந்த சினிமா மையத்தின் கூரை, ஒற்றைத் தூணிலிருந்து 85 மீட்டர் அந்தரத்தில் நீள்கிறது. அந்தக் கூரையின் அடியில் திறந்தவெளியில் ஆயிரக்கணக்கானோர் படம் பார்க்கிறார்கள்.

வடக்கே கும்ஜோங் மலையில் போமோசா கோயில். 678-ல் உய்சாங் என்ற துறவி நிறுவியது. கொரியத் துறவியர் உணவில் இறைச்சி, மீன் மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூடக் கிடையாது. சைவர்கள் நிம்மதியாக உண்ணும் சாப்பாடு. முன்பதிவு செய்தால் கோயிலில் தங்கலாம். மலையிறங்கினால் தோங்நே வெந்நீர் ஊற்றும், வெங்காயத்தாளும் கடல்மீன்களும் சேர்த்துச் சுடும் தோங்நே பாஜோனும். கடலோரப் பாறைமேல் நிற்கும் ஹேதோங் யோங்குங்சா, 1376-ல் நாவோங் நிறுவிய கோயில் என்பது வழக்கு. அந்த நாவோங், தியானபத்திரர் என்ற இந்தியத் துறவியின் சீடர்.

புறப்படுகிறவர்களுக்கு

* சியோலிலிருந்து கேடிஎக்ஸ் அதிவேக ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். இந்தியர்கள் முன்கூட்டியே விசா பெற வேண்டும்.
* மெட்ரோவின் முதல் வழித்தடம் பூசான் ரயில் நிலையம், நாம்போ, ஜகல்ச்சி, சோமியோன், தோங்நே, போமோசா எல்லாவற்றையும் இணைக்கிறது. இரண்டாவது வழித்தடம் ஹேஊன்டேக்கு. கம்சோனுக்குத் தோசோங் நிலையத்தில் இறங்கிச் சிறு பேருந்து பிடிக்கலாம்.
* வழிகாட்டக் கூகுள் வரைபடத்தைவிட நேவர் வரைபடமே அங்கே நம்பகமானது.
* சைவர்கள் கவனிக்க: காய்கறிச் சூப்பிலும் நெத்திலிச் சாறு இருக்கும், கிம்ச்சியில் மீன் சாறு இருக்கும். இறைச்சியும் முட்டையும் இல்லாத பிபிம்பாப் கேட்கலாம். "கொகி பேஜுசெயோ" என்றால் இறைச்சி வேண்டாம் என்று பொருள்.
* பக்கப் பதார்த்தங்களை மறுபடி கேட்டால் பெரும்பாலும் இலவசமாகத் தருவார்கள். டிப்ஸ் வழக்கமில்லை.
* ஏப்ரல் தொடக்கத்தில் செர்ரி பூக்கும். அக்டோபரில் வானம் தெளிந்திருக்கும். ஜூன் இறுதி முதல் மழை, அதன்பின் புயல்.

எதைக் காப்பது?

பூசானின் இளைஞர்கள் வேலை தேடிச் சியோலுக்குப் போகிறார்கள். மலைச்சரிவு வீடுகளில் முதியவர்கள் மட்டும் இருக்கிறார்கள்; அவர்கள் காலமானால் கதவு பூட்டப்படுகிறது. ஹேஊன்டேயில் கோபுரங்கள் உயர, பழைய நகரம் காலியாகிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் அங்கே போகிறவர்கள் தங்கள் நாட்களில் பாதியையாவது பழைய நகரத்துக்குக் கொடுக்க வேண்டும் என்கிறேன். அங்கே ஓர் அறை எடுங்கள். புத்தகச் சந்தில் ஒரு புத்தகம் வாங்குங்கள். ஜகல்ச்சிப் பெண்ணிடம் மீன் வாங்குங்கள். அந்தச் சந்துகள் உயிரோடு இருக்க இவை உதவும்.

உலகம் இதுவரை பெரும்பாலும் மன்னர்கள் கட்டியதையும் மதங்கள் கட்டியதையும் மரபுரிமை என்று பாதுகாத்திருக்கிறது. கல்லறை மேல் எழுந்த வீட்டையும், மனிதர்கள் குடியேறிய மாட்டுத்தொழுவத்தையும் அந்த வரிசையில் வைக்கச் சொல்லிக் கேட்கிறது பூசான். போரால் வீடிழந்து ஓடுகிறவர்கள் இன்றும் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இடம் கொடுக்கும் ஊர் சீரழிந்துபோகாது, அவர்கள் உழைப்பால் செழிக்கும் என்பதற்குப் பூசானைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பூசானின் கோரிக்கை ஏற்கப்பட வேண்டும்.